கூட ஆம்பிளை யாரும் வரலையா?

நான் சாகக் கிடந்த நாட்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வலிக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. சீட்டு போடும் இடத்தில் கேட்டார்கள், ஊசி போடும் இடத்தில் கேட்டார்கள், ரத்தம் எடுக்கும் அறையில் கேட்டார்கள். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட நான் இதையே பிதற்றினேன் என்று என் நாத்தனார் ராமலட்சுமி சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

என் பெயர் பேச்சியம்மாள். செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெளுத்து வருகிற காஸ் துணியை, அதாவது புண்ணில் வைத்துக் கட்டுகிற அந்த மெல்லிய துணியை, அளவாக வெட்டி, பிசிறு உள்பக்கம் போகும்படி மடித்து அடுக்குவது என் வேலை. பிசிறு வெளியே நின்றால் நூல் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் சத்தம் போடுவார். என் கணவர் அந்தக் கட்டுகளை வடக்கே ஏற்றிப் போகும் லாரிக்கு டிரைவர். நான் நோயில் விழுவதற்கு இரண்டு வருடம் முன்னால் இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். பிள்ளைகள் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள், அதனால் இதை நானே எழுதுகிறேன். எனக்காக யாரும் இரக்கப்பட்டு எழுத வேண்டியதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. பயத்தினால் அல்ல. பெயரை எழுதினால், அந்த ஒன்று மட்டும்தான் மோசம், மற்றதெல்லாம் நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். அந்த நிம்மதியை நான் ஏன் தர வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. வலது அக்குளில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. வேனல் கட்டி என்று நினைத்து மஞ்சளை அரைத்துப் பூசினேன். கட்டி அமுங்கவில்லை, வளர்ந்தது. கையைத் தூக்க முடியவில்லை, இரவிக்கை போட முடியவில்லை, துணி மடிக்க முடியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கம்பெனியில் மற்றப் பெண்கள், “புருசனை நெனச்சு நெனச்சு உருகிட்டா” என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன், முட்டாள்.

ராமலட்சுமிதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் என் கணவரின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்து, அங்கே கோர்ட்டுக்கு எதிரே பூக்கூடை வைத்து வியாபாரம் செய்கிறவள். ஒரு வெண்கலப் பானை யாருக்கு என்ற தகராறில் நாங்கள் இரண்டு பேரும் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தோம். எனக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லி, ஒரு நாள் திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, நாறுதுட்டீ உன் வீடு. இது என்ன, செத்த எலியா, நீயா?” என்றாள். பேச்சு விட்டுப்போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் கட்டியை அமுக்கிப் பார்த்தார். உள்ளே சீழ் கோத்திருக்கிறது, கீறிவிட்டால் வடிந்துவிடும், விட்டுவைத்தால் விஷம் ரத்தத்தில் ஏறும் என்றார். “சின்ன வேலைதாம்மா. மரத்துப்போக ஊசி போட்டுட்டு ஒரு கீறு கீறிவிட்டா ஆச்சு. நாளைக்கே பண்ணிருவோம்.” அந்தச் சின்ன வேலை என்ற வார்த்தையை நான் மறக்கவே இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சின்ன வேலைக்காகத்தான்.

ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். “ஆபரேசன்னா எடுப்போம்” என்றான் ரத்தம் எடுத்த பையன். எந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கிறோம், உனக்குச் சம்மதமா, முடிவு வந்தால் யாரிடம் சொல்லலாம் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒரு நர்ஸ் வந்து தூரத்திலேயே நின்றுகொண்டு, “சட்டையைக் கழட்டி அந்த வாளியில போட்டுட்டு வார்டுக்குப் போங்க” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவளும் அதையே கேட்டாள். கூட ஆம்பிளை யாரும் வரலையா?

கணவரின் அண்ணன் வேலுச்சாமி அத்தானுக்குச் சொல்லிவிட்டார்கள். மில் வேலையை விட்டுவிட்டு வந்தார். டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்திப் பேசுவதும், அத்தான் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வதும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர்கள் பேசியது என் உடம்பைப் பற்றி. நான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன், காது கேட்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது. ஒருத்தராவது, “அந்தம்மாவையும் கூப்பிடுங்க” என்று சொல்லவில்லை. வெளியே வந்த அத்தான் என்னைப் பார்க்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை முழங்கை வரை கழுவினார். பிறகு படி இறங்கிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில், கக்கூஸ் பக்கம் போட்டார்கள். கால்மாட்டில் ஒரு அட்டையைக் கட்டினார்கள். அதில் சிவப்பு மையில் மூன்று ஆங்கில எழுத்துகள். கம்பெனிப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பழகியதால் எழுத்துக் கூட்டத் தெரிந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. கக்கூஸுக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு அமுக்கிக்கொண்டாள். கூட வந்தவளிடம், “ஏட்டி, எய்ட்ஸு கேசு, வந்துரு இங்கிட்டு” என்றாள்.

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கக்கூஸுக்குப் போகிற வழியில், யாரென்றே தெரியாத ஒருத்தி வாயால்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் மண்டையோடு வரைந்து அந்தப் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தப்பு வழியில் போகிறவர்களுக்கு வருவது, வந்தால் சாவு, அவ்வளவுதான் அந்தச் சுவர் சொன்னது. இது எனக்கு எப்படி வரும்? நான் எந்த வழியில் போனேன்? வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற வழியைத் தவிர வேறு வழியே எனக்குத் தெரியாதே.

ராமலட்சுமி நர்ஸிடம் போய்க் கேட்டாள். “உங்க அண்ணங்கிட்ட டாக்டர் சொல்லியாச்சு” என்று பதில் வந்தது. உடனே செட்டியார்பட்டிக்குப் போய், அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வராந்தாவுக்குள் வரவில்லை. படிக்கட்டிலேயே நின்றார்.

“சொல்லுண்ணே. அவ மொகத்தப் பாத்துச் சொல்லு” என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தம்பிக்கும் இதான் இருந்துச்சு. அப்பவே டாக்டரு எங்கிட்டச் சொன்னாரு. மஞ்சக் காமாலைன்னு நாந்தான் ஊருல சொல்லி வச்சேன். குடும்ப மானம் போயிரும்ல.”

“எனக்குச் சொல்லலையே அத்தான்” என்றேன்.

“நீ தாங்க மாட்டேன்னுதாம்மா...”

என் வாழ்க்கையில் யாரையும் அடிக்கக் கை ஓங்கியதில்லை. அன்று ஓங்கியிருப்பேன். வலது கையைத் தூக்க முடியவில்லை, அதனால் தப்பித்தார். இரண்டு வருடம்! எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பேன். உடம்பைக் கவனித்திருப்பேன். கட்டி கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும்போதே காட்டியிருப்பேன். இந்த மனுஷன் கெட்டவர்கூட இல்லை. தம்பி சாவுக்கு முன்னால் நின்று எல்லாச் செலவும் செய்தவர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே என்னைச் சாகவிட்டிருக்கிறார். அதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாகிறது.

இந்த நோயைப் பற்றி எனக்குப் பின்னால் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. நோய் வந்தால் எதிர்த்து நிற்பதற்கென்று நம் ரத்தத்தில் சில அணுக்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. அதற்குப் பல வருடம் ஆகும், அதுவரை ஆள் நன்றாகவே இருக்கலாம். அவை குறைந்த பிறகு, மற்றவர்களுக்குத் தானாக ஆறிப்போகிற சின்னக் கட்டிகூட நமக்குப் பெரிதாகிவிடும். அந்த நிலைமையைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள். உடலுறவாலும், கிருமி உள்ள ரத்தத்தாலும், ஒருவருக்குப் போட்ட ஊசியை அப்படியே இன்னொருவருக்குப் போடுவதாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். தொட்டால் வராது. ஒரே கட்டிலில் உட்கார்ந்தால் வராது. ஒரே டம்ளரில் குடித்தால் வராது. சிவப்பு அட்டை கட்டினால் குறையவும் செய்யாது.

அன்றிலிருந்து என்னைத் தொட்டவர் யாரும் இல்லை. டாக்டர் வராந்தாவின் அந்தப் பக்கத்திலேயே நின்று, “மதுரைக்குப் போங்க, அங்கதான் வசதி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். கீறுவதற்கு ஒரு கத்தி, ஒரு ஊசி, கையுறை. இதில் எது மதுரையில் மட்டும் விளைகிறது? காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல் ஏறியது. வலி அக்குளிலிருந்து மார்புக்கு இறங்கியது. தோல் கறுத்து வந்தது. பஸ்ஸில் உட்கார வைத்தால் பாதி வழியில் போய்விடுவேன் என்று ராமலட்சுமி பயந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டி தானாக ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. துடைக்க நர்ஸ் வரவில்லை. ஒரு காஸ் பொட்டலத்தைக் கால்மாட்டில் எட்டிப் போட்டுவிட்டுப் போனாள். பிரித்தேன். பிசிறு உள்ளே போகும்படி மடித்த துணி. எங்கள் கம்பெனியோ பக்கத்துக் கம்பெனியோ, என்னை மாதிரி ஒருத்தி மடித்ததுதான். எங்கள் கை பட்ட துணி வேண்டும், எங்கள் உடம்பு வேண்டாம். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்துவதற்குத் தெம்பில்லை.

ராமலட்சுமிதான் துடைத்தாள். சீழ் நாற்றம் தாங்காமல், விற்காத மல்லிகையைப் பந்து பந்தாகக் கொண்டுவந்து என் தலையணையைச் சுற்றி வைத்தாள். தாலி அறுத்தவளுக்குப் பூவா என்று முகம் சுளித்தவர்களும் அங்கே உண்டு. மறுநாள் வாடிய பூவைப் பெருக்கி அள்ள ஆயா மாட்டேன் என்றாள். “இவ மேல பட்ட பூவ நான் தொட மாட்டேன்.”

“எங்க ஊருல ஒருத்தி சூடுன மாலையத்தான் பெருமாளே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. நீ என்ன, பெருமாளுக்கும் மேலயா?” என்றாள் ராமலட்சுமி. ஆயா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். பூவை அள்ளவில்லை. ராமலட்சுமியே முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள்.

அவள் கோர்ட்டுக்கு எதிரே பூ விற்கிறாள் என்று சொன்னேன் அல்லவா? அங்கே தினமும் ஒரு முழம் வாங்குகிற வக்கீலம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். குரல் கட்டைக் குரல். ராமலட்சுமி அன்றைக்குப் பூவைக் கொடுக்காமல் கூடையை மூடிக்கொண்டு, “உங்களுக்குப் பூ கெடையாது. எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான்” என்றாளாம். வக்கீலம்மா கேஸ் முடிந்ததும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறிவிட்டார்.

வந்தவுடன் என் கட்டிலில், என் கால்மாட்டில் உட்கார்ந்தார். இது பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டிலில் ராமலட்சுமியைத் தவிர யாரும் உட்காராமல் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க. என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“கட்டியக் கீறணும்” என்றேன்.

அட்டையை அவிழ்த்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். எங்களையும் கூட வரச் சொன்னார். ராமலட்சுமி என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டரும் இருந்தார். வக்கீலம்மா சத்தம் போடவில்லை.

“இந்தம்மாவுக்கு ஆபரேசன் தேவையா, இல்லையா?”

“தேவைதான். ஆனா இங்க வசதி...”

“முந்தின நாள் வரைக்கும் இருந்த வசதி ரத்தம் பாத்த பொறவு எங்க போச்சு? சரி சார். இன்ன நோய் இருக்கிறதால நாங்க இவங்களுக்கு ஆபரேசன் பண்ண மாட்டோம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போயிருதேன்.”

இத்தனை நாளும் என்னிடம் வாயால் சொன்னதுதான். நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார், ஆயாகூடச் சொன்னாள். எழுதிக் கொடுங்கள் என்றதும் ஒருத்தருக்கும் பேனா கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்தார். சின்ன டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசியில் பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பண்ணலாம். அதுக்கு வீட்டு ஆம்பிளை யாராவது வந்து கையெழுத்து போடணும். அவர் வரலையே” என்றார்.

“எந்தச் சட்டத்துல சார் அப்படி இருக்கு?”

“சட்டம் இல்ல. வழக்கம்.”

“இவங்களுக்கு வயசு முப்பத்தஞ்சு. புத்தி தெளிவா இருக்கு. இவங்க உடம்புக்கு இவங்கதான் கையெழுத்து போடணும். தாளக் குடுங்க.”

வலது கை எழவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்தேன். ‘பே’ போடவே செத்த நேரம் ஆனது. எழுத்து கோணலும் மாணலுமாக, கோடு தாண்டி ஓடியது. ஆனாலும் அது என் பெயர். என் உடம்புக்கு நான் போட்ட முதல் கையெழுத்து அது. சாட்சிக்கு ராமலட்சுமி போட்டாள்.

மறுநாள் கீறினார்கள். மரத்துப்போகும் ஊசி சீழ் கட்டிய இடத்தில் பாதிதான் பிடிக்கும், கொஞ்சம் வலிக்கும் என்று ஒரு டாக்டரம்மா முன்கூட்டியே என்னிடம் சொன்னார். என்னிடம்! கொஞ்சம் இல்லை, உயிர் போகிற மாதிரி வலித்தது. ஆனால் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க முடிந்தது. ஒரு கிண்ணம் நிறையச் சீழ் வந்தது என்றார். குழிக்குள் காஸ் துணியைத் திணித்துக் கட்டினார்கள். உள்ளே போயிருந்த நேரம் டீ குடிக்கும் நேரம்தான். இதற்காகத்தான் என்னை அத்தனை நாள் அழுக விட்டிருந்தார்கள்.

டாக்டரம்மாவுக்குப் பின்னால் வந்த சின்ன டாக்டர், பழக்க தோஷத்தில், வெளியே எட்டிப் பார்த்து, “ஆம்பிளை யாரும்...” என்று ஆரம்பித்தார்.

“அவ முழிச்சுத்தான் கெடக்கா. அவகிட்டயே சொல்லுங்க” என்றாள் வாசலில் நின்ற ராமலட்சுமி.

சாயங்காலமே காய்ச்சல் இறங்கியது. அன்று இரவு எனக்குப் பசித்தது. ராமலட்சுமி கொண்டுவந்த புளியோதரையை அவள் பிசைந்து ஊட்ட, அதே கையால் அவளும் தின்றாள். அப்படியே தின்றுகொண்டே, “அந்தப் பானைய நானே வச்சுக்கிடுவேன், அதுல மாத்தமில்ல” என்றாள். சரி, வைத்துக்கொள் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பில் கொடுத்தார்கள். நான் படுத்த மெத்தையை எரித்துவிட்டார்களாம், அதற்கும் போட்டிருந்தது. கையுறை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினார்களாம், அதற்கும் போட்டிருந்தது. அவர்கள் பயத்துக்கு நான் காசு கட்ட வேண்டும்! ராமலட்சுமி காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போனாள். நான் வேண்டாம் என்று சொல்லக்கூட நேரம் தரவில்லை.

புண் ஆறியது. வேலை போனது. கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நான் சொல்லலம்மா, மொதலாளி சொல்லுதாரு. வாங்குதவங்க காதுக்குப் போனா சரக்கு நின்னு போவும்.” துணி மடித்த பிறகு கிருமி சாக நீராவியில் வேகிறதே சார் என்றேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, அவருக்கும் சம்பளம் வேண்டும்.

நான் வக்கீலம்மாவிடம் போய், எல்லோர் மேலும் கேஸ் போட வேண்டும் என்றேன். அவர் என்னை உட்கார வைத்து, மறைக்காமல் சொன்னார். “போடலாம் பேச்சியம்மா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சம்மதம் கேக்காம இந்தச் சோதனை பண்ணக் கூடாது, முடிவ ஊருக்குச் சொல்லக் கூடாது, நோயச் சொல்லி வைத்தியத்த மறுக்கக் கூடாது, வேலைய விட்டுத் தூக்கக் கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் நம்ம நாட்டுல இல்ல. இருக்கிற சட்டத்த இழுத்துப் பிடிச்சுத்தான் வாதாடணும்.”

“இல்லன்னா எழுதச் சொல்லுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “என்ன எழுதணும், நீங்க சொல்லுங்க.”

“யாரு ரத்தமோ, அவுகளுக்குத்தான் மொதல்ல சொல்லணும். அதுலேர்ந்து ஆரம்பிங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நடக்கிறது. என்னைப் போன்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். லாரிக்காரர் மனைவி, மில்லில் நூற்கிறவள், ரோட்டோரத்தில் நின்று பிழைக்கிறவள், அரவாணி ஒருத்தி. முதலில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரவே எங்களுக்குள் கூச்சம் இருந்தது. “நான் புருசனால வந்தவ, அவ மாதிரி இல்ல” என்று நானே ஒரு தடவை சொன்னேன். ரோட்டில் நிற்கிறவள் திரும்பி, “ஏன்க்கா, ஒன்னயும் என்னையும் ஒரே கக்கூஸ் பக்கத்துலதான போட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாங்கள் சொல்லச் சொல்ல வக்கீலம்மா எழுதி, சட்டம் வேண்டும் என்று கேட்கிற மற்ற ஊர்க்காரர்களோடு சேர்த்து டெல்லிக்கு அனுப்பினார். மதுரையில் ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்த அதிகாரி ஒருவர் மைக்கில் என்னைக் கேட்டார்: “உங்களுக்கு இது எப்படி வந்ததுன்னு சொல்ல முடியுமா?”

“எப்படி வந்துச்சுன்னு கேக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. வந்த பொறவு என்ன பண்ணுனாங்கன்னு கேளுங்க சார், அத விடிய விடியச் சொல்லுதேன்” என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

சட்டம் இன்னும் வரவில்லை. கிருமியை அடக்குகிற மருந்து வெளிநாட்டில் வந்துவிட்டதாம், அதன் விலையைக் கேட்டால் எனக்கும் ராமலட்சுமிக்கும் சிரிப்புதான் வருகிறது. இப்போதைக்கு உடம்பு சுமாராக இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போன வாரம் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்காக இல்லை. ஒரு சின்னப் பெண்ணுக்குத் துணையாக வக்கீலம்மா அனுப்பினார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புருஷன் டிரைவர், படுத்த படுக்கை. அவளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். கூடப் புருஷனின் அண்ணன் வந்திருந்தார். அதே பெஞ்சு. பஸ்ஸில் வரும்போது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன்.

கதவு திறந்தது. “கூட ஆம்பிளை யாரு வந்திருக்கா?”

அண்ணன்காரர் எழுந்தார். அந்தப் பெண் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

“ரத்தம் என்னோடது சார். எங்கிட்டதான் சொல்லணும்.”

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். “உள்ள வாம்மா” என்றார். அவள் போனாள், கதவு சாத்திக்கொண்டது.

“நீ யாரு, எங்க வீட்டு விசயத்துல?” என்று அந்த ஆள் என் மேல் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் பதறிப்போய்க் கதவைத் தள்ளப் போனார். நான் எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன். வலது கையை உயர்த்தி நிலையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அது நன்றாகவே எழுகிறது.

“செத்த இருங்க. மொதல்ல அவ அழுது முடிக்கட்டும். பொறவு அவளே வந்து சொல்லுவா, சொல்லணும்னு தோணுனா.”